கிரீஸ் வற்றிய கதை

பாபநாசம் வட்டாரத்தில் முட்டுவலி இருக்கிறது என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸில் இருந்து இறங்கும்போது கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு காலை முதலில் தரையில் வைத்து, அப்புறம் மற்றதை இறக்குகிறவரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பக்கத்தில் நிற்பவர் கேட்பார்: “என்ன ஆச்சி, முட்டா?” பதிலும் தயாராக இருக்கும்: “ஆமாய்யா, தேஞ்சு போச்சாம். உள்ள கிரீஸ் வத்திட்டுன்னு படத்தைப் பாத்துச் சொல்லிட்டாவ.”

அந்தப் பதிலுக்குள் ஒரு முழு மருத்துவக் கோட்பாடே அடங்கியிருக்கிறது. முழங்கால் ஒரு வண்டிச் சக்கரம், குருத்தெலும்பு அதன் டயர். ஓடிய தூரத்துக்குத் தக்கபடி தேயும். எவ்வளவு தேய்ந்தது என்று எக்ஸ்ரே சொல்லும். மிச்சம் இருப்பதைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும். தீர்ந்துபோனால் மாற்ற வேண்டும். டாக்டர், மருந்துக்கடைக்காரர், மூலிகை எண்ணெய் விற்பவர், இலவச மூட்டு முகாமுக்கு பிளெக்ஸ் கட்டுபவர் ஆகிய நான்கு பேரும் வேறு எதிலும் ஒத்துப்போக மாட்டார்கள். இதில் மட்டும் ஒரே குரல். அந்தக் குரல் நோயின் காரணத்தைத் தப்பாகச் சொல்கிறது, அதை அளக்கும் வழியையும் தப்பாகச் சொல்கிறது என்பது என் வாதம். இதனால் நடக்கக்கூடிய ஆட்கள் நடப்பதை நிறுத்திவிடுகிறார்கள் என்பதுதான் எனக்குக் கோபம்.

முதலில் நம் தெருவையே பார்ப்போம். விக்கிரமசிங்கபுரம், கடையம், ஆலங்குளம், முக்கூடல் பக்கமெல்லாம் பீடி சுற்றும் வீடுகள். காலையில் பொங்கி வைத்துவிட்டு, சுளகை மடியில் ஏந்தி வாசல் நடையில் உட்காரும் பெண், வெளிச்சம் மங்கும்வரை எழுந்திருப்பதே குறைவு. இலையை அச்சுத்தகட்டில் வைத்து வெட்டுவது, தூள் நிரப்பிச் சுருட்டுவது, முனையை மடக்குவது, நூல் சுற்றுவது என்று எல்லாம் கைவேலை. கால் ஒன்று மடங்கியிருக்கும், ஒன்று நீண்டிருக்கும். டயர்க் கோட்பாடு உண்மையானால் இவர்களின் முட்டு ஷோரூம் வண்டிபோலப் புதிதாக இருக்க வேண்டும். நடைமுறையில் ஐம்பதைத் தொடும்போதே சுவரைப் பிடித்து எழுந்திருக்கிறார்கள். ஓடாத வண்டிக்கு எப்படி டயர் தேய்ந்தது?

ஒரு தெருவை வைத்து உலகத்தை அளக்கக் கூடாதுதான். அமெரிக்காவில் இயன் வாலஸ், டேனியல் லீபர்மன் முதலானோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியை எலும்புக்கூடுகளிடமே கேட்டது. ஐம்பது வயதைத் தாண்டி இறந்தவர்களின் 2,500-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளை எடுத்துக்கொண்டு, முழங்காலில் எலும்போடு எலும்பு உரசிப் பளபளப்பு ஏறியிருக்கிறதா என்று பார்த்தார்கள். வேட்டையாடியும் பயிர்செய்தும் வாழ்ந்த பழைய மக்களில் 8 சதவீதம் பேருக்கு இருந்தது. தொழிற்சாலைகள் தொடங்கிய காலத்து மக்களில் 6 சதவீதம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்தவர்களில் 16 சதவீதம். வயது கூடியதும் உடல் எடை கூடியதும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது; அவை இரண்டையும் கணக்கில் கழித்த பிறகும் நோய் இரண்டு மடங்காகவே நின்றது. கார், பஸ் பார்க்காமல் காலம் முழுக்க நடந்தே வாழ்ந்தவர்களின் முட்டு இந்த அளவுக்குத் தேயவில்லை. நாற்காலி வந்த பிறகு கூடுதலாகத் தேய்கிறது என்றால், அதைத் தேய்மானம் என்ற கணக்கில் எப்படி எழுதுவது?

ஓட்டக்காரர்கள் கதையும் இதையே சொல்கிறது, கொஞ்சம் சிக்கலோடு. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் பார்த்தபோது, உடல்நலத்துக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு இடுப்பு அல்லது முழங்கால் மூட்டு நோய். ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10.2. போட்டிக்காக ஓடுபவர்களில் 13.3. கடைசி எண்ணை எதிர்த்தரப்பு எடுத்துக்கொள்ளட்டும், அளவு மீறினால் கெடும் என்பதை நான் மறுக்கவில்லை. முட்டு நன்றாக இருப்பவர்தானே ஓடப் போவார் என்ற கேள்வியும் நியாயமானதே. ஆனால் “பயன்படுத்தினால் தேயும்” என்ற ஒற்றை விதிக்குள் நடு எண்ணை அடைக்க வழியில்லை.

குருத்தெலும்பை ஒரு ரப்பர்த் திண்டாக நினைப்பதில்தான் பிழை தொடங்குகிறது. அது உயிருள்ள திசு. அதன் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். கொலாஜன் இழைகள் வலைபோலப் பின்னி அதை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. வலைக்குள் அக்ரிக்கன் என்ற பெரிய மூலக்கூறு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. இடையிடையே குருத்தணுக்கள் இருந்துகொண்டு பழையதை உடைத்தும் புதியதைக் கட்டியும் பராமரிக்கின்றன. இந்தத் திசுவுக்குள் ரத்தக்குழாய் கிடையாது. அப்படியானால் அணுக்களுக்கு ஊட்டம் எங்கிருந்து வருகிறது? காலை ஊன்றும்போது திசு அமுங்கி நீர் வெளியேறும், காலைத் தூக்கும்போது மூட்டுத் திரவத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். இப்படி அமுங்கி விரிவதால்தான் அதற்கு உணவு போகிறது. முதுகுத்தண்டில் அடிபட்டுக் காலில் பாரமே ஏறாமல் கிடப்பவர்களின் முழங்காலை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது குருத்தெலும்பு மெலிந்து போயிருந்தது. ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத டயர் அது.

நோய் வரும்போது நடப்பதும் வெறும் உராய்வு கிடையாது. குருத்தணுக்களே நிலை தடுமாறி, கொலாஜனையும் அக்ரிக்கனையும் வெட்டும் நொதிகளைச் சுரக்கின்றன. மூட்டின் உட்சவ்வு வீங்குகிறது. அடியில் இருக்கும் எலும்பு தடிக்கிறது. ஓரங்களில் புதிதாக எலும்பு முளைக்கிறது; “எலும்பு வளந்திருக்கு” என்று படத்தைக் காட்டிச் சொல்வார்களே, அதுதான். தேய்கிற டயரின் ஓரத்தில் புது ரப்பர் முளைத்து யாராவது பார்த்திருக்கிறார்களா? இன்னொன்று: உடல் பருமன் உள்ளவர்களுக்குக் கைவிரல் மூட்டுகளிலும் இந்த நோய் கூடுதலாக வருகிறது. விரலை ஊன்றி யாரும் நடப்பதில்லை. கொழுப்புத் திசு சுரக்கும் அழற்சிப் பொருள்கள் ரத்தத்தோடு மூட்டுக்குப் போகின்றன என்பது இதற்கு ஒரு விளக்கம். பிரிட்டனில் இரட்டையரான பெண்களை ஒப்பிட்டு 1996-இல் வந்த ஆய்வு, கை, முழங்கால் மூட்டு நோயில் மரபணுவின் பங்கு 39 முதல் 65 சதவீதம் வரை இருக்கும் என்றது. கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் ஹந்திகோடு என்ற ஊரின் பெயரிலேயே ஒரு மூட்டு நோய் இருக்கிறது. 1970-களில் கண்டறியப்பட்ட அந்தப் பரம்பரை நோயில் இளவயதிலேயே இடுப்பு, முழங்கால் மூட்டுகள் கெட்டு, சிலர் தவழும் நிலைக்குப் போனார்கள். அந்தப் பிள்ளைகள் எத்தனை மைல் நடந்தார்கள் என்று கேட்பதில் பொருளே இல்லை.

இனி அந்தப் படம்.

எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது. இதை நோயாளியிடம் யாரும் சொல்வதில்லை. தெரிவது இரண்டு எலும்புகளும் நடுவில் கறுப்பாக ஒரு இடைவெளியும். இடைவெளி குறைந்தால் குருத்தெலும்பு குறைந்தது என்பது ஓர் ஊகம்தான். ஜவ்வு என்று நாம் சொல்லும் மினிஸ்கஸ் இடம் நழுவி வெளியே பிதுங்கினாலும் அதே இடைவெளி குறையும். அதிலும் படத்தை ஆளை நிற்கவைத்து எடுக்க வேண்டும். மேசையில் படுக்கவைத்து எடுத்தால் பாரம் இல்லாத மூட்டில் இடைவெளி அகன்றே தெரியும். கையில் இருக்கும் படம் நின்று எடுத்ததா படுத்து எடுத்ததா என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

“எனக்கு கிரேடு மூணு” என்று ரேஷன் கார்டு எண்ணைப் போலச் சொல்கிறார்களே, அந்த கிரேடு 1957-இல் வந்தது. மான்செஸ்டரில் இருந்த ஜோனாஸ் கெல்கிரனும் ஜான் லாரன்ஸும், ஊர் ஊராக மக்களைப் படமெடுத்து நோயைக் கணக்கெடுப்பதற்காக, பூஜ்ஜியம் முதல் நான்கு வரை தரம் பிரித்தார்கள். ஆயிரம் பேரை ஒரே அளவுகோலில் வைத்து எண்ணுவதற்கு அது நல்ல கருவி. ஒரு ஆச்சியின் வலியை அளக்க அது செய்யப்படவில்லை. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இதே கெல்கிரன் 1938-இல் தசைகளுக்குள் உப்புநீரை ஊசியால் செலுத்தி, தொந்தரவு ஓரிடத்தில் இருக்க வலி வேறோரிடத்தில் தெரியும் என்று நிறுவிக் காட்டியவர். இடுப்பு மூட்டு கெட்டவருக்கு வலி முழங்காலில் தெரிவது மருத்துவத்தில் பழைய செய்தி. அவர் பெயரில் இருக்கும் கிரேடைச் சொல்லி, வலிக்கிற இடத்தை மட்டும் படமெடுத்து அனுப்பிவிடுகிறோம்.

படத்துக்கும் வலிக்கும் உள்ள உறவு எவ்வளவு தளர்வானது என்பதற்கு பாஸ்டனுக்குப் பக்கத்து ஃபிரேமிங்ஹாம் ஊர் ஆய்வுகள் சாட்சி. எக்ஸ்ரேயில் மூட்டு நோய் ஏதும் தெரியாத, ஐம்பது வயது கடந்த 710 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள், 2012-இல் முடிவு வந்தது. 89 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு கோளாறு. வலி உள்ளவர்களிடம் எவ்வளவு இருந்ததோ, ஏறக்குறைய அவ்வளவே வலி இல்லாதவர்களிடமும் இருந்தது. அதற்கு முன் 2008-இல் அதே ஊரில், ஜவ்வு கிழிந்திருப்பதாக எம்.ஆர்.ஐ. காட்டியவர்களில் 61 சதவீதம் பேர், முந்தைய ஒரு மாதத்தில் வலியோ இறுக்கமோ இருந்ததில்லை என்றார்கள். நம் ஊரில் அந்த ரிப்போர்ட் கையில் கிடைத்தால் வீடே கலங்கிவிடும். “ஜவ்வு கிழிஞ்சிருக்காம், ஆப்பரேஷனாம்” என்று மாமன் மச்சான் எல்லாருக்கும் போன் போகும்.

எதிர்த்தரப்பின் கையில் ஒரு நல்ல ஆதாரம் இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. 2009-இல் துஹினா நியோகி குழுவினர், ஒரு முட்டில் வலியும் மற்ற முட்டில் வலி இல்லாமலும் இருப்பவர்களை மட்டும் எடுத்து, ஒரே ஆளின் இரண்டு கால்களையும் ஒப்பிட்டார்கள். படம் மோசமான முட்டில்தான் வலி பெரும்பாலும் இருந்தது. ஆகவே படம் பொய் சொல்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஆய்வு எதைக் காட்டுகிறது என்று கவனியுங்கள்: ஆள் ஒருவராக இருக்கும்போது படம் பேசுகிறது. ஆள் மாறினால் தூக்கம், மனக்கவலை, தசைப் பலம், உடம்பின் வலி தாங்கும் தன்மை எல்லாம் குறுக்கே வந்து படத்தின் குரலை அமுக்கிவிடுகின்றன. அப்படியானால் ஆளைப் பார்த்த பிறகுதானே படம்? நம் வழக்கத்தில் சீட்டு வாங்கிப் படம் எடுத்து வந்த பிறகுதான் ஆளே உள்ளே போக முடிகிறது.

“எல்லாம் சரி, வேலை முட்டைக் கெடுக்கவில்லையா? மாஞ்சோலையில் கொழுந்து பறித்தவளிடம் போய்ச் சொல்லிப் பாரும்” என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பம்பாய் பர்மா கம்பெனி சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929-இல் தொடங்கி 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த மலையில், தலைமுறை தலைமுறையாகச் சரிவில் நின்று கொழுந்து பறித்து, ஈரச் சாக்கைச் சுமந்து இறங்கியவர்கள் இருக்கிறார்கள். மண்டியிட்டும் குத்தவைத்தும் பாரம் தூக்கியும் ஆண்டுக்கணக்கில் செய்யும் வேலை முழங்காலைக் கெடுக்கும் என்பதற்கு ஆதாரம் வலுவாகவே இருக்கிறது. பெய்ஜிங் முதியவர்களிடம் எடுத்த ஆய்வில், இருபத்தைந்து வயதில் தினமும் நெடுநேரம் குத்தவைத்து இருந்தவர்களுக்குப் பின்னாளில் முழங்கால் நோய் கூடுதலாக இருந்தது. கபடி ஆடி முட்டு பிசகிய பையன்களையும் இதில் சேர்க்க வேண்டும். முன்தசைநார் அறுந்தோ ஜவ்வு கிழிந்தோ போனவர்களில் சராசரியாகப் பாதிப் பேருக்கு, 10 முதல் 20 ஆண்டுகளுக்குள் வலியோடு கூடிய மூட்டு நோய் வருகிறது. முப்பத்தைந்து வயதில் “தேய்மானம்” என்று கேட்டுத் திகைக்கும் அந்தப் பழைய ரைடருக்கு வந்தது வயதால் வந்ததல்ல. ஆட்டத்தில் பட்ட காயம், அன்றைக்குச் சரியாகப் பார்க்காமல் மஞ்சள் பற்று போட்டு விட்ட காயம்.

ஆனால் பாருங்கள், டயர்க் கோட்பாடு இந்த உண்மையையும் மூடி மறைத்துவிடுகிறது. எல்லா முட்டும் வயதானால் தேயும் என்று சொன்ன பிறகு, யார் எந்த வேலையில் கெட்டார் என்று கேட்க என்ன அவசியம்? கெல்கிரனும் லாரன்ஸும் 1952-லேயே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் மூட்டுகளைப் படமெடுத்து எழுதினார்கள். 1961-இல் லாரன்ஸ் பஞ்சாலைத் தொழிலாளரின் மூட்டுகளைப் பற்றித் தனியாகவே எழுதினார். 1978-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு ஆலையில் நூற்கிறவர், சுற்றுகிறவர், துணியில் முடிச்சு எடுக்கிறவர் என்று பிரித்துப் பார்த்தபோது, செய்யும் வேலைக்குத் தக்கபடி கையில் கெடும் மூட்டும் மாறியிருந்தது. இங்கிலாந்தில் 2009-இல் சுரங்கத் தொழிலாளரின் முழங்கால் நோயை உதவித்தொகை பெறும் தொழில்நோயாக ஏற்றார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியும் ஏற்றது. அங்கே, வாழ்நாளில் மண்டியிட்டும் குத்தவைத்தும் செய்த வேலை 13,000 மணி நேரத்துக்குக் குறையாமல் இருந்தால் தொழில்நோய். எண்ணிக்கை கறாரானதுதான். ஆனால் “எத்தனை மணி நேரம் மண்டியிட்டாய்” என்று அரசாங்கமே கேட்கிறது.

நம் பக்கம்? தாமிரபரணி மலையிறங்கும் வேகத்தை நம்பி 1880-களில் ஹார்வி சகோதரர்கள் இங்கே மில் வைத்தார்கள். சங்கு ஊதினால் விக்கிரமசிங்கபுரமே எழுந்தது. நின்றபடியே நூற்றவர்களும் பேல் தூக்கியவர்களும் பேரப்பிள்ளை எடுத்துவிட்டார்கள். 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் பஞ்சுத் தூசி நுரையீரலுக்குச் செய்யும் கேட்டுக்கு இடம் கிடைத்தது. முழங்காலுக்குக் கிடைக்கவில்லை. ஓ.பி. சீட்டில் பெயர், வயது, பால் எழுத இடம் இருக்கிறது. பார்த்த வேலையை எழுத யாரும் இடம் தேடுவதில்லை. “வயசாயிட்டுல்லா, அப்படித்தான் இருக்கும்” என்ற ஒற்றை வரியில் மில்லும் எஸ்டேட்டும் பீடிக் கம்பெனியும் சேர்ந்து விடுதலையாகிவிடுகின்றன.

இந்தத் தீர்ப்பின் அடுத்த பக்கம் தடை உத்தரவு. படி ஏறாதே, சம்மணம் போடாதே, தரையில் உட்காராதே, நடையைக் குறை. வலி கொதிக்கிற நாட்களில் இதெல்லாம் சரி. ஆயுள் தண்டனையாகக் கொடுக்கும்போதுதான் கேடு. பாபநாசநாதர் கோயிலுக்கு எதிரே படித்துறையில் இறங்கிக் குளித்துவந்த பெண் வீட்டில் வாளித் தண்ணீருக்கு மாறுகிறாள். சந்தைக்கு மகன் பைக்கில் போகிறான். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு வீடே கிளம்பும்போது, “நீ வேண்டாம், உனக்கு ஏலாது” என்று வீட்டுக்குக் காவல் வைக்கப்படுகிறாள். இரண்டு வருடத்தில் தொடைத் தசை வற்றுகிறது, ஐந்தாறு கிலோ ஏறுகிறது. நடக்கும்போது முழங்காலில் இறங்கும் பாரம் உடல் எடையைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. படி இறங்கும்போது மூன்றரை மடங்கு. அந்தப் பாரத்தை வாங்கிக்கொள்ள வேண்டிய தசைதான் வற்றிவிட்டதே. தொடையின் முன்தசை பலவீனமாவது நோயின் விளைவு என்றுதான் பலகாலம் நினைத்தார்கள். 1997-இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு, வலியே இல்லாதவர்களிடமும் பலவீனம் முன்னதாகவே இருக்கலாம் என்று காட்டியது. பீடித் தெருக் கேள்விக்குப் பதிலின் ஒரு பாதி இங்கே கிடைக்கிறது.

எடைக் கணக்கு ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு எட்டிலும் முழங்காலில் நான்கு கிலோ பாரம் குறைகிறது என்று 2005-இல் ஸ்டீபன் மெசியர் குழு அளந்தது. ஃபிரேமிங்ஹாம் பெண்களில், பத்தாண்டில் ஐந்து கிலோ அளவுக்குக் குறைத்தவர்களுக்கு வலியோடு கூடிய முழங்கால் நோய் வரும் வாய்ப்பு பாதிக்கு மேல் குறைந்தது. டயருக்கு இப்படியெல்லாம் நடக்காது.

சித்த மருத்துவத்தின் தாய்மண்ணில் இருந்துகொண்டு அதைத் தொடாமல் போக முடியாது. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964-இல் இருந்து இருக்கிறது. யூகி முனிவர் வாத நோய்களை எண்பதாகப் பிரித்ததும், இந்த முட்டு நோய்க்கு அழல் கீல் வாயு என்ற பெயரும் அங்கே பாடம். ஒற்றடமும் தொக்கணமும் வலியைத் தணிக்கின்றன, சரி. என் சண்டை அந்தப் பாடத்தோடு இல்லை. அகத்தியர் பெயரை ஒட்டி, “உள்ளே இறங்கி ஜவ்வை வளர்க்கும்” என்று புட்டி விற்கிற கடைகளோடுதான். மேலே தடவிய எண்ணெய் குருத்தெலும்பை முளைக்க வைக்காது. பெயர் ஒட்டாத பொட்டலச் சூரணம் மூன்றே நாளில் வலியை வாங்கிவிட்டது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். ஆங்கில மருந்துக்கடையும் யோக்கியமில்லை. மாதக்கணக்கில் ஜனங்கள் வாங்கி விழுங்கும் குளுக்கோசமைன், காண்ட்ராய்ட்டின் மாத்திரைகளை 1,583 பேரிடம் சோதித்து 2006-இல் வெளிவந்த அமெரிக்க அரசின் ஆய்வில், மொத்தத்தில் அவை வெறும் மாத்திரையைவிட மேலாகவில்லை. முட்டுக்குள் குழாய் விட்டுக் கழுவும் அறுவையை, 2002-இல் ஹூஸ்டனில் 180 பேரிடம் சோதித்தார்கள். சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்து அனுப்பினார்கள். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால் இரு பக்கமும் ஒரே வலி.

மாற்று அறுவைக்கு நான் எதிரி இல்லை. 2000-இலும் 2001-இலும் பிரதமர் வாஜ்பாய்க்கு மும்பையில் சித்தரஞ்சன் ராணாவத் இரண்டு முட்டையும் மாற்றிய பிறகு அந்த அறுவையைத் தெரியாதவர் நாட்டில் இல்லை. 2017 ஆகஸ்ட்டில் மத்திய அரசு விலைக்கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, சராசரியாக 1,58,324 ரூபாய்க்கு விற்ற சாதாரண செயற்கை முட்டு 54,720 ரூபாய்க்கு வந்தது. அத்தனை லாபம் அதுவரை யாருக்குப் போனது என்று நாம் போதுமான அளவு கேட்கவில்லை. ராத்திரித் தூக்கம் போய், வளைந்த காலோடு வாசலுக்குக்கூடப் போக முடியாதவருக்கு அந்த அறுவை பெரும் உபகாரம். வைத்ததில் பத்தில் எட்டு, இருபத்தைந்து ஆண்டு தாங்குகிறது. ஆனால் செய்துகொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்குத் திருப்தி இல்லை என்கிறார்கள். டென்மார்க்கில் 2015-இல் வந்த ஆய்வில், அறுவைக்குத் தகுதியான 100 பேரைப் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு அறுவையோடு பயிற்சி, மறு பாதிக்கு உடற்பயிற்சி, எடைக்குறைப்பு, பாடம் மட்டும். அறுவை செய்தவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது. கடுமையான பக்கவிளைவும் அவர்களுக்கே கூடுதல். பயிற்சி மட்டும் பெற்றவர்களில் அந்த ஓராண்டுக்குள் அறுவைக்குப் போனவர்கள் 26 சதவீதம். மற்றவர்கள் அதுவரை தள்ளிப்போட்டுவிட்டார்கள். கிரேடு நான்கு என்ற படத்தை மட்டும் காட்டி “அடுத்த வாரம் அட்மிட் ஆயிருங்க” என்று சொல்பவர், இந்த நான்கில் மூன்று பங்கு ஆட்களைப் பற்றி வாய் திறப்பதில்லை. பயிற்சி மந்திரம் இல்லை, பலன் மிதமானதுதான். ஆனாலும் அதைச் செய்யாமலே மேசையில் ஏற்றுவதை எப்படி ஏற்பது?

அப்படியானால் எப்படி மதிப்பிடுவது? பிரிட்டனின் அரசு வழிகாட்டி சொல்வது எளிது. நாற்பத்தைந்து வயதுக்கு மேல், நடமாடினால் வலி, காலை இறுக்கம் இல்லை அல்லது அரைமணி நேரத்துக்குள் விட்டுவிடுகிறது என்றால், படம் எடுக்காமலே இது இன்ன நோய் என்று முடிவு செய்யலாம். காய்ச்சல், திடீர் வீக்கம், அடிபட்ட கதை, இரவெல்லாம் வலி, ஒரு மணி நேரத்தைத் தாண்டும் காலை இறுக்கம் இருந்தால் வேறு நோய் இருக்கலாம். அப்போது ரத்தமும் படமும் பார்க்கட்டும். அதன்பின் ஆளைப் பார்க்க வேண்டும். கைப்பிடி இல்லாத, பதினேழு அங்குல உயர நாற்காலி ஒன்றைச் சுவரோரம் போடுங்கள். கையை மார்பில் குறுக்காகக் கட்டி உட்காரச் சொல்லுங்கள். முப்பது விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து நிற்கிறார் என்று எண்ணுங்கள். 60-64 வயதுப் பெண் 12-க்குக் கீழே என்றால் தசை போதவில்லை. பார்க்கிறவருக்கு எண்ணைவிட விதம் அதிகம் சொல்லும். முதல் தடவையே இரு கையும் தன்னையறியாமல் தொடைக்கு வரும், உடம்பு வலியில்லாத காலின் பக்கம் சாயும், எழுந்து முடிக்கும் முன்பே பொத்தென்று விழுந்து உட்காருவார். எந்தத் தசையில் வேலை தொடங்க வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். இடுப்பை ஒருமுறை உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்தால் வலி வேறிடத்தில் இருந்து வருகிறதா என்பதும் தெரியும். எடை, பழைய அடி, பார்த்த வேலை, தூக்கம் இவற்றைக் கேட்க யாருக்கும் இயந்திரம் தேவையில்லை.

தமிழ்நாட்டில் இதற்கு ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு, வீட்டுக்கே வருகிறார்கள். வந்தவரிடம் “சுளுக்கெடுத்து விடுங்க தாயி” என்று கால் நீட்டிவிட்டு, அவர் சொல்லிக்கொடுத்த பயிற்சியை அவர் தெரு திரும்பும் முன்பே விட்டுவிடுவதும் நடக்கிறது. தேய்ந்த பொருளுக்குப் பயிற்சி எதற்கு என்று ஊர் ஏற்கெனவே நம்பிவிட்ட பிறகு, அந்தப் பெண் தனியாக என்ன செய்வார்?

கடைசியாக மருத்துவர்கள் சொல்லும் பதில் ஒன்று உண்டு: ஓ.பி.யில் இருநூறு பேர் நிற்கிறார்கள், ஒருவருக்கு இரண்டு நிமிடம்தான், இதற்கெல்லாம் நேரம் ஏது? நெரிசல் உண்மை. ஆனால் நாற்காலிச் சோதனைக்கு முப்பது விநாடி போதும். எக்ஸ்ரேக்குச் சீட்டு எழுதிக் கையெழுத்துப் போடவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகிறது.